கித்தியன் யார்? ஓர் எபிரெய ஊர்ப்பெயரை வேர்வரை படிக்கும் வழி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வேதபாட வகுப்பில் 2 சாமுவேல் ஆறாம் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். உடன்படிக்கைப் பெட்டி மூன்று மாதம் தங்கிய வீட்டின் சொந்தக்காரன் 'கித்தியனாகிய ஓபேத்ஏதோம்'. "இவன் பத்சேபாளின் கணவன் உரியாவின் இனத்தைச் சேர்ந்தவன்" என்று துணிந்து சொல்லிவிட்டேன். பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் மெல்லக் கையை உயர்த்தி, "உரியா ஏத்தியன் அல்லவா, தம்பி? இவன் கித்தியன்" என்றார். வகுப்பு முடிகிற வரைக்கும் என் காது சிவந்தே இருந்தது.

அன்று தொடங்கியதுதான் இந்தச் சொல்மீதான பிடிப்பு. கித்தியன் என்பதற்கு 'காத் நகரத்துக்காரன்' என்று அகராதி ஒரே வரியில் பொருள் சொல்லி முடித்துவிடும். அந்த வரி தவறில்லை, ஆனால் போதாது. பெலிஸ்தரின் ஐந்து நகரங்களில் ஒன்றான காத்தின் இந்த ஊர்ப்பெயரைத் தமிழ் வாசகர் ஒருவர் எப்படி அடியோடு படிக்கலாம் என்பதை, நான் சென்ற வழியிலேயே சொல்கிறேன். எபிரெயம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. எழுத்துக்களை அடையாளம் காட்டும் ஒரு வரியிடை வேதாகமமும் எண்ணிட்ட ஒத்தவாக்கிய அகராதியும் போதும்.

முதல் படி: தமிழ் எழுத்து மறைப்பதை வெளியே எடுங்கள்

நம் எழுத்தில் 'க' ஒன்றுதான். அது எபிரெயத்தின் கிமெல், கஃப் ஆகிய இரண்டு எழுத்துக்களையும் ஒரே முகமாக்கிவிடுகிறது. அதனால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை வாசிப்பவர் முன்னால் மூன்று சொற்கள் அண்ணன் தம்பிகளைப்போல வந்து நிற்கின்றன: கித்தியன், கித்தீம், ஏத்தியன்.

மூன்றுக்கும் உறவே இல்லை. கித்தியனின் முதலெழுத்து கிமெல், அவன் காத் ஊரான். ஆதியாகமம் 10:4இல் வரும் கித்தீமின் முதலெழுத்து கஃப், அது சைப்ரஸ் தீவையும் அதன் மக்களையும் குறிக்கும். ஏத்தியனின் முதலெழுத்து ஹேத், அவன் ஏத்தின் வழியில் வந்தவன், பொது மொழிபெயர்ப்பில் இத்தியன். ஸ்ட்ராங் அகராதியின் எபிரெயப் பகுதியில் இவற்றின் எண்கள் முறையே 1663, 3794, 2850. எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் என்னைப்போலக் காது சிவக்க வேண்டியிருக்காது.

இன்னொரு பொறி ஊரின் பெயரிலேயே இருக்கிறது. யாக்கோபின் மகன் காத், அவன் பெயரால் வந்த காத் கோத்திரம், தாவீதின் தீர்க்கதரிசியான காத், பெலிஸ்த நகரமான காத் எல்லாம் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டு. எபிரெயத்தில் மனிதர்களின் பெயர் தாலெத் எழுத்தில் முடிகிறது, நகரத்தின் பெயர் தாவ் எழுத்தில் முடிகிறது. தமிழில் காத் என்று தேடினால் இவர்கள் அனைவரும் கலந்து வருவார்கள். ஆகவே தேடலைத் தமிழில் செய்யாதீர்கள், எண்ணைக் கொண்டு செய்யுங்கள். நகரத்தின் எண் 1661.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

கத் என்றால் எபிரெயத்தில் திராட்சை ஆலை. பாறையில் குடைந்த தொட்டி, அதில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். மீதியானியருக்குப் பயந்து கிதியோன் கோதுமையைப் போரடித்தது இப்படி ஓர் ஆலையில்தான் (நியாயாதிபதிகள் 6:11). கெத்செமனே என்ற பெயரின் முன்பாதியும் இதே சொல்தான், அங்கே அது எண்ணெய் ஆலை.

இங்கே கேள்வி வரும்: ஊர் கத், ஊரான் மட்டும் ஏன் கித்தி? 'அ' எப்படி 'இ' ஆனது?

சொல்லின் பழைய வடிவம் கிந்த் என்பதை ஒத்தது. எகிப்தில் கிடைத்த கி.மு. 14ஆம் நூற்றாண்டு அமர்னா மடல்களில் கிம்து என்ற பெயர் வருகிறது. பின்னாளில் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் கல்வெட்டுகளும் அதே வடிவத்தைச் சொல்கின்றன. எபிரெயத்தில் அந்த மெல்லெழுத்து அடுத்து வந்த தகரத்தில் கரைந்து அதை இரட்டிக்கச் செய்தது. விகுதி எதுவும் ஒட்டாமல் சொல் தனியாக நிற்கும்போது இரட்டிப்பு தளர்ந்து, உயிரும் இகரத்திலிருந்து அகரமாகிறது: கத். விகுதி ஒட்டினால் பழைய இகரமும் இரட்டைத் தகரமும் திரும்பி வருகின்றன: கித்தி. மகள் என்ற சொல்லும் இதே பாதையில்தான் போகிறது. தனியாக பத், 'என் மகள்' என்றால் பித்தி. போவாஸ் ரூத்தை அழைப்பது இந்தப் பித்தி என்ற சொல்லால்தான். பத்துக்குப் பித்தி, கத்துக்குக் கித்தி என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

இறுதியில் நிற்கும் இகரம் ஊரையோ இனத்தையோ சுட்டும் விகுதி. மோவாபி, யெகூதி எல்லாம் இந்த வார்ப்புதான். பன்மை கித்தீம், அதாவது கிமெலில் தொடங்கும் கித்தீம். சைப்ரஸ் கித்தீமோடு இங்கே மறுபடியும் மோதல் வருகிறது, பாருங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ககரத்தைப் பிரித்துக் காட்ட முடியாவிட்டாலும் இரட்டைத் தகரத்தைக் கைவிடவில்லை. அதற்காக அவர்களுக்கு ஒரு வணக்கம்.

மூன்றாம் படி: பத்து வசனங்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கித்தி என்ற சொல் எபிரெய வேதாகமம் முழுவதிலும் பத்து இடங்களில்தான் வருகிறது. இது பெரிய வசதி, ஒரு மாலைப்பொழுதில் எல்லாவற்றையும் வாசித்துவிடலாம்.

ஓபேத்ஏதோமுக்கு மூன்று: 2 சாமுவேல் 6:10, 6:11, 1 நாளாகமம் 13:13. தாவீதின் படைத்தலைவர்களில் ஒருவரான ஈத்தாய்க்கு மூன்று: 2 சாமுவேல் 15:19, 15:22, 18:2. கோலியாத்துக்கு இரண்டு: 2 சாமுவேல் 21:19, 1 நாளாகமம் 20:5. மீதி இரண்டும் கூட்டமாக மக்களைக் குறிப்பவை: யோசுவா 13:3, 2 சாமுவேல் 15:18.

யோசுவா 13:3இல் ஓர் இலக்கண நுட்பம் உண்டு. அங்கே எபிரெயம் 'அந்தக் கித்தியன்' என்று ஒருமையில் சொல்லி ஊரார் அனைவரையும் குறிக்கிறது. காசா, அஸ்தோத், அஸ்கலோன், எக்ரோன் ஊரார்களுக்கும் அதே வசனத்தில் அதே ஒருமைதான். யாரோ ஒரு தனி மனிதனைப் பற்றிய பேச்சு என்று எண்ணிவிடக் கூடாது.

தாளை எழுதி முடித்ததும், மற்ற நான்கு நகரங்களின் ஊர்ப்பெயர்களுக்கும் இதையே செய்து பாருங்கள். அஸ்கலோன் ஊரார் யோசுவா 13:3இல் ஒரே ஒருமுறை தலைகாட்டுகிறார்கள். காசா ஊரார் சிம்சோனை வளைத்துப் பிடிக்கப் பதுங்குகிறார்கள். எக்ரோன் ஊரார் பெட்டியைக் கண்டு கூக்குரலிடுகிறார்கள். அஸ்தோத் ஊராரின் பெயர் சற்று நீண்டநாள் வாழ்ந்தது, நெகேமியா காலத்தில்கூட 'அஸ்தோத் பேச்சு' என்று ஒரு மொழிக்கு அது பெயராகிறது. எல்லாமே கூட்டம். பெயரும் முகமும் உள்ள ஒரு தனி மனிதனுக்கு அடைமொழியாக வருவது இந்த ஐந்தில் கித்தியன் மட்டும்தான்.

அதற்கு நிலவமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மற்றவற்றைக் காட்டிலும் காத் யூதாவின் அடிவாரக் குன்றுகளை ஒட்டிய நகரம். கோலியாத் விழுந்த ஏலா பள்ளத்தாக்கின் நீரோடை காத்தின் அடியில்தான் மேற்கே போகிறது. அடுத்த வீட்டுக்காரனுக்குத்தான் பெயர் தெரியும். தூரத்தில் இருப்பவன் வெறும் 'அந்த ஊர்க்காரர்கள்'.

நான்காம் படி: எங்கே நின்று அழைக்கிறார்கள் என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். மதுரையில் யாரும் யாரையும் மதுரைக்காரர் என்று அழைப்பதில்லை. சென்னைக்கோ கொழும்புக்கோ போனபிறகுதான் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஊர்ப்பெயர் ஊருக்கு வெளியே பிறக்கும் பெயர்.

இந்தக் கண்ணோடு பத்து வசனங்களையும் மறுபடி வாசியுங்கள். தாவீதுக்கு அடைக்கலம் தந்து சிக்லாகு ஊரைக் கொடுத்த ஆகீஸ், காத்திலேயே இருந்து ஆண்டவன். அவனை வேதாகமம் ஓரிடத்திலும் கித்தியன் என்று சொல்வதில்லை, 'காத்தின் ராஜா' என்றே சொல்கிறது. 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தில் கோலியாத் 'காத்திலிருந்து வந்தவன்'. அதன்பிறகு கதை முழுக்க அவன் பெயர்கூடப் பெரும்பாலும் வராமல் 'அந்தப் பெலிஸ்தன்' என்றே அழைக்கப்படுகிறான். அங்கே அவன் ஊர் ஒரு பொருட்டில்லை, எதிரிப் படை என்பதுதான் பொருட்டு.

ஓபேத்ஏதோமும் ஈத்தாயும் நேர் எதிர். இருவரும் காத்தை விட்டு வந்து தாவீதின் எல்லைக்குள் வாழ்பவர்கள். இருவருக்கும் கித்தியன் என்ற அடைமொழி உண்டு, பெலிஸ்தன் என்ற சொல் ஒருமுறைகூட ஒட்டவில்லை. பெலிஸ்தன் பகையின் பெயர். கித்தியன், பக்கத்தில் வந்து குடியேறியவனுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்.

இந்த விதிக்கு இடிப்பது 2 சாமுவேல் 21:19. அங்கே கோலியாத்தும் கித்தியன்தான். ஆனால் சூழலைப் பாருங்கள்: கோப் என்ற இடத்தில் சண்டை, பெத்லெகேமியன் ஒருவன் கித்தியன் ஒருவனை வெட்டுகிறான். இரண்டு ஊர்க்காரர்கள், இருவரும் வெளியூரில். போர்வீரர் பட்டியலின் நடை அது.

அந்த வசனத்தைத் தொட்டதால் ஒரு எச்சரிக்கை. எபிரெய மூலத்தில் எல்க்கானான் கொன்றது கோலியாத்தையே. நாளாகமத்தின் இணை வசனத்தில் கொல்லப்படுபவன் கோலியாத்தின் சகோதரன் லாகேமி. பெத்லெகேமியன் என்ற சொல்லின் பின்பாதியும் லாகேமி என்ற பெயரும் எபிரெயத்தில் ஒரே எழுத்துக்கள் என்பதால், படியெடுத்தவர் கையில் ஏதோ ஓரிடத்தில் வரி குழம்பியிருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். சில மொழிபெயர்ப்புகள் சாமுவேலிலும் 'சகோதரன்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுகின்றன. உங்கள் கையில் இருக்கும் வேதாகமத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஐந்தாம் படி: எந்தக் காத்?

திராட்சை விளையும் நாட்டில் ஆலை இல்லாத ஊர் ஏது? அதனால் பெயரில் கத் உள்ள ஊர்கள் பல. யோனாவின் ஊர் காத்தேப்பேர். ஆலயப் பணிக்குரிய கோத்திரத்தாரான லேவியருக்கு ஒதுக்கப்பட்டது காத்ரிம்மோன். மீகாவின் ஊர் மொரேசேத்காத். 'இரட்டை ஆலை' என்று பொருள்படும் கித்தாயீமும் உண்டு. எனவே கித்தியன் என்றதும் பெலிஸ்தக் காத் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

சிக்கல் ஓபேத்ஏதோமிடம்தான். நாளாகமத்தின் 15, 16, 26 ஆகிய அதிகாரங்களில் அந்தப் பெயருள்ளவர் சுரமண்டலம் வாசிப்பவர், வாசல் காவலர், எதுத்தூனின் மகன். எல்லாம் லேவியர் வேலை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸும் அவரை லேவியர் என்றே எழுதுகிறார். அப்படியானால் அவர் காத்ரிம்மோனைச் சேர்ந்த கித்தியர் என்பது ஒரு தரப்பு. பெலிஸ்தக் காத்திலிருந்து தாவீதோடு வந்த அயலார் என்பது மறுதரப்பு.

நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். சாமுவேல் நூலில் இதே சொல் ஒன்பது அதிகாரம் தள்ளி ஈத்தாய்க்கு வரும்போது அது ஐயமில்லாமல் பெலிஸ்தக் காத்தைச் சுட்டுகிறது. ஒரே நூல் ஒரே சொல்லை விளக்கமில்லாமல் இரண்டு ஊர்களுக்குப் பயன்படுத்தியிருக்குமா? அதோடு, நாளாகம ஆசிரியர் 13:13இல் கித்தியன் என்று ஒருமுறை எழுதிவிட்டு அடுத்த வசனத்திலேயே அடைமொழியை விட்டுவிடுகிறார். அவர் தழுவும் 2 சாமுவேல் 6:11இல் அது இருக்கிறது. லேவியரல்லாத ஒருவர் வீட்டில் பெட்டி இருந்தது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கலாம்.

கதையின் சுவையும் இந்தப் பக்கம்தான் கூடுகிறது. 1 சாமுவேல் 5ஆம் அதிகாரத்தில் பெலிஸ்தர் கவர்ந்துசென்ற அதே பெட்டி அஸ்தோத்திலிருந்து காத்துக்கு வந்தபோது ஊர் முழுக்கக் கட்டிகளால் வாதிக்கப்பட்டது. பிறகு அது ஒரு காத் ஊராரின் வீட்டில் மூன்று மாதம் இருக்கிறது, அந்த வீடு செழிக்கிறது. தொடப் பயந்து தாவீதே ஒதுங்கிய பெட்டி அது.

ஆறாம் படி: மண்ணையும் கேளுங்கள்

காத் இருந்த இடம் இன்றைய இஸ்ரேலில் உள்ள தெல் எஸ்-சாஃபி என்ற மேடு என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். வெண்சுண்ணப் பாறை தொலைவிலேயே தெரியும். சிலுவைப்போர்க்காரர்கள் அங்கே கட்டிய கோட்டைக்கு வெண்காவல் என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1899இல் பிளிஸ், மெக்காலிஸ்டர் இருவரும் சிறிது தோண்டினார்கள். பெரிய அகழாய்வு 1996இல் பார் இலான் பல்கலைக்கழகத்தின் ஆரன் மாயிர் தலைமையில் தொடங்கியது.

மூன்று கண்டுபிடிப்புகள் நம் சொல்லுக்கு நேரடியாகப் பயன்படும். ஒன்று, 2005இல் கிடைத்த சிறு பானையோடு. அதில் பழைய செமித்திய எழுத்தில் இரண்டு பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன, பெயர்களோ செமித்தியமல்ல. கோலியாத் என்ற பெயரின் ஒலியமைப்பு அவற்றை ஒத்தது என்பதால் 'கோலியாத்தின் கல்வெட்டு கிடைத்தது' என்று செய்திகள் பறந்தன. அது கோலியாத்தின் கையெழுத்தல்ல. ஆனால் அப்படிப்பட்ட பெயர்கள் அந்த ஊரில் வழங்கின என்பதற்கும், காத் ஊரார் அண்டை வீட்டாரின் எழுத்தைத் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கும் அது சான்று. இரண்டு, 2011இல் கிடைத்த கல் பலிபீடம். வேதாகமம் சொல்லும் இஸ்ரவேலின் பலிபீடத்துக்கு நான்கு கொம்புகள், இதற்கு முன்புறம் இரண்டு மட்டும்.

மூன்றாவது, அழிவு. கி.மு. 830ஐ ஒட்டி நகரம் தீக்கிரையானது. தமஸ்குவின் ஆசகேல் காத்தைப் பிடித்தான் என்ற 2 இராஜாக்கள் 12:17உடன் இது பொருந்துகிறது. நகரைச் சுற்றி முற்றுகைக்காக வெட்டிய, ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள அகழியும் வெளிப்பட்டது. இதற்குப்பின் வந்த ஆமோஸ் 1:6-8இல் காசா, அஸ்தோத், அஸ்கலோன், எக்ரோன் என்று நான்கு நகரங்கள்மேல் தீர்ப்புச் சொல்லும்போது காத் இல்லை. செப்பனியாவிலும் எரேமியாவின் பட்டியலிலும் இல்லை. கித்தியன் என்ற சொல் ஏன் தாவீதின் காலக் கதைகளோடு நின்றுபோகிறது என்பதற்கு மண் சொல்லும் பதில் இது.

இடையில் ஒரு சிறு கிளை: கித்தீத்

8, 81, 84ஆம் சங்கீதங்களின் தலைப்பில் வரும் கித்தீத், இலக்கணப்படி கித்தியின் பெண்பால் வடிவம். காத்திலிருந்து வந்த இசைக்கருவி என்பது ஒரு விளக்கம். தர்கூம் எனப்படும் பழைய அரமேய மொழிபெயர்ப்பு, தாவீது காத்திலிருந்து கொண்டுவந்த யாழ் என்றே சொல்லிவிடுகிறது. கிரேக்க மொழிபெயர்ப்போ ஊரை விட்டு வேருக்குப் போய், 'திராட்சை ஆலைகளைக் குறித்து' என்று எழுதுகிறது. இரண்டையும் குறித்துவைத்துக்கொண்டு நகருங்கள், இதற்குமேல் இங்கே தோண்டுவதில் பயனில்லை.

ஏழாம் படி: எழுதும்போது என்ன சொல் போடுவது?

பிரசங்கமோ கட்டுரையோ எழுதும்போது முதல் முறை 'காத் நகரத்தவரான' என்று எழுதுங்கள். கித்தியன் என்ற சொல்லைக் கேட்கும் தமிழ்க் காதுக்குக் காத் நகரம் நினைவுக்கு வராது, ஒலி அவ்வளவு விலகிவிட்டது. பிறகு கித்தியர் என்ற சொல்லைத் தொடரலாம். பழைய மொழிபெயர்ப்பின் 'அன்' விகுதியை மேற்கோளில் அப்படியே விடுங்கள், சொந்த வாக்கியத்தில் 'அர்' போடுங்கள். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய மூத்தவர் ஒருவரைப் பற்றி அப்படித்தானே பேசுவோம்?

கடைசிப் படி: ஒரு பகுதியில் எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள்

2 சாமுவேல் 15:18-22ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அப்சலோமுக்குத் தப்பித் தாவீது எருசலேமை விட்டு ஓடுகிறார். அவருக்கு முன்னால் கிரேத்தியர், பிலேத்தியர், காத்திலிருந்து வந்த அறுநூறு கித்தியர் நடக்கிறார்கள். பன்மை, கிமெலில் தொடங்கும் கித்தீம். அறுநூறு என்ற எண்ணைக் கவனியுங்கள். முன்பு சவுலுக்குப் பயந்து தாவீது காத்துக்குள் தஞ்சம் புகுந்தபோது அவரோடு போனவர்களும் அறுநூறு பேர்தான் (1 சாமுவேல் 27:2). அன்று காத்தில் அயலாராக நின்றவர் தாவீது, இன்று தாவீதிடம் அயலாராக நிற்பவர் ஈத்தாய்.

'நீ அந்நியன், உன் ஊரை விட்டு வந்தவன், நேற்றுத்தான் வந்தாய், திரும்பிப் போ' என்ற பொருளில் தாவீது சொல்கிறார். அதற்கு முன்னுரையாக ஆசிரியர் போடும் அடைமொழி கித்தியன். நான்காம் படியில் சொன்ன பொருள் முழுவதும் இங்கே ராஜாவின் வாயாலேயே வந்துவிடுகிறது. ஈத்தாயோ கர்த்தரின் பெயரால் ஆணையிட்டு, சாவானாலும் பிழைப்பானாலும் ராஜா இருக்கும் இடத்திலேயே தானும் இருப்பதாகச் சொல்கிறார். எபிரெயத்தில் சாவுதான் முதலில் வருகிறது.

22ஆம் வசனத்தில் தாவீது 'கடந்து போ' என்கிறார். கித்தியரான ஈத்தாய் கடக்கிறார். அவருடைய ஆட்கள் கடக்கிறார்கள். அவரோடு இருந்த பிள்ளைகளும் கடக்கிறார்கள் என்று வசனம் முடிகிறது. கூலிக்குப் போரிட வந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. 18:2க்குப் போனால் தாவீதின் படையில் மூன்றில் ஒரு பங்கு ஈத்தாயின் கையில் இருக்கிறது, மற்ற இரண்டு பங்குகள் யோவாபிடமும் அவன் சகோதரன் அபிசாயிடமும். அங்கேயும் அவர் பெயருக்குப் பக்கத்தில் கித்தி என்ற அந்தச் சொல்லை ஆசிரியர் எடுத்துவிடவில்லை.